மாசிக்கும் மாசிக்கும் என்ன சம்பந்தம்?

எங்கட பக்கத்துக் கடைகளில் மாசி எண்டு கேட்டால் ஒரு சின்னப் பைக்கற்றை எடுத்துத் தருவினம். உள்ளுக்குள்ள மரச்சிராய் மாதிரி மண்ணிறத்தில தூளும் துண்டும் கிடக்கும். முழுசாக் கேட்டால் விறகுக்கட்டை போல ஒரு துண்டு வரும். அதைக் கத்தியால வெட்டேலாது, உரலில போட்டு இடிக்க வேணும். சம்பலுக்கு ஒரு கரண்டி போட்டால் போதும், வீடு முழுக்க மணக்கும்.

இதுக்கு ஏன் மாசி எண்டு பேர் வந்தது எண்டு கேட்டுப் பாருங்கோ. உடன ஒரு பதில் வரும்: "மாசி மாசத்தில காயப்போடுற கருவாடு, அதால மாசிக் கருவாடு." கொஞ்சம் கூட யோசிக்கிற ஆக்கள் காரணமும் சொல்லுவினம். கார்த்திகை மார்கழி மழை முடிஞ்சு, தைப் பனியும் குறைஞ்சு, மாசியில வெய்யில் ஏறத் தொடங்கும், கருவாடு நல்லாக் காயும் எண்டு. வன்னியில இருக்கிற எங்களுக்கு இந்த மழைக்கணக்கு அச்சாவாப் பொருந்தும். கேட்கவும் நல்லாத்தான் இருக்கு.

ஆனால் அது உண்மை இல்லை. மாசிக் கருவாட்டுக்கும் மாசி மாதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், மாசிக் கருவாடு நாங்கள் வழக்கமாச் சொல்லுற அர்த்தத்தில கருவாடும் இல்லை. பேரின் இரண்டு பாதியுமே ஆளை ஏமாத்துது. இந்தப் பேருக்குப் பின்னால் போனால் எங்க போய் நிக்கிறம் எண்டதுதான் இந்தக் கட்டுரை.

பேரின் முதல் பாதி

மாசி மாதத்துக்குப் பேர் வந்தது மக நட்சத்திரத்தால். அந்த மாதத்துப் பௌர்ணமி மக நட்சத்திரத்தை ஒட்டி வரும். மாசி மகம் எண்டு நாங்கள் தீர்த்தமாடுறது அந்த நாளில்தான். வடமொழியில் மாகம், தமிழில் மாசி.

கருவாட்டு மாசி வந்தது வேற இடத்தில இருந்து. மாலைதீவு மக்கள் பேசுற திவெயி மொழியில் 'மஸ்' எண்டால் மீன். அவ்வளவுதான். அந்த மஸ் வியாபாரிகளோட கடல் தாண்டி வந்து, தமிழ் நாக்கில ஒரு இகரத்தையும் சேர்த்துக்கொண்டு மாசி ஆகிவிட்டது. இலட்சத்தீவில் இதே பொருளை இண்டைக்கும் மாஸ் எண்டுதான் சொல்லுவினம். அங்க மினிக்காய்த் தீவில் பேசுற மொழி திவெயியின் ஒரு கிளைதான்.

அப்ப மாசிக் கருவாடு எண்டு நாங்கள் சொல்லேக்க, உண்மையில 'மீன் கருவாடு' எண்டுதான் சொல்லுறம். நடுச்சென்டர் எண்டு சொல்லுற மாதிரி.

இதில் இன்னொரு சுவாரசியம் இருக்கு. திவெயி, சிங்களத்துக்கு நெருங்கின உறவுமொழி. இரண்டும் இந்தோ ஆரியக் குடும்பம். அந்த மஸ் எண்ட சொல் வடமொழி 'மத்ஸ்ய' எண்டதில இருந்து தேய்ஞ்சு வந்தது. அதே மத்ஸ்யதான் தமிழில் மச்சம் ஆனது. "இண்டைக்கு மச்சமோ சைவமோ?" எண்டு வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் எங்கட வீடுகளில கேட்கிற கேள்வியில வாற அதே மச்சம். மாசியும் மச்சமும் ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள். ஒண்டு வடக்கே இருந்து தரைவழியா வந்தது, மற்றது தீவெல்லாம் சுத்திக் கடல்வழியா வந்தது. இரண்டும் கடைசியில ஒரே குசினியில சந்திச்சிருக்கு.

பேரின் இரண்டாம் பாதி

கருவாடு எண்டால் என்ன செய்யினம்? மீனைக் கீறி, குடல் எடுத்து, உப்புப் போட்டு, வெய்யிலில காயவைக்கினம். முல்லைத்தீவுக் கரையில காயிறது இப்படித்தான். சமைக்காத மீன், உப்பும் வெய்யிலும், அவ்வளவுதான்.

மாசி அப்படியில்லை. அது சூரை மீன், அதிலும் வரிச்சூரை. தலையையும் முள்ளையும் எடுத்து நீளவாட்டில் நாலு துண்டாக்கி, முதலில உப்புத் தண்ணியில அவிப்பினம். பிறகு விறகுப் புகையில வைப்பினம். அதுக்குப் பிறகுதான் வெய்யில். ஒவ்வொரு கட்டத்திலும் ஈரம் குறைஞ்சு கொண்டே போய், கடைசியில் கட்டை போல இறுகும். மாலைதீவில் இதுக்கு ஹிகிமஸ் எண்டு பேர். காய்ஞ்ச மீன் எண்டு அர்த்தம். மீன் அவிச்ச தண்ணியையும் ஊத்துறதில்லை. அதை வத்த வத்தக் காய்ச்சி, ரிஹாகுரு எண்ட களி மாதிரி ஒரு சாமானாக்கிச் சோத்தோட தின்னுவினம்.

உலகத்தில இதுக்கு நெருங்கின சொந்தக்காரன் யப்பானில் இருக்கு. கற்சுவோபுசி எண்டு, அதுவும் இதே வரிச்சூரையை அவிச்சு, புகையில வைச்சு, கட்டையாக்குறது. அவர்கள் சீவிச் சூப்பில போடுவினம். நாங்கள் இடிச்சுச் சம்பலில போடுறம்.

சிங்களத்தில் இதுக்கு உம்பலகட எண்டு பேர். சிங்கள, முஸ்லிம் சமையலில் எங்கட சமையலைவிட இதுக்கு இடம் கூட. ஆங்கிலத்தில் மாலைதீவு மீன் எண்டு சொல்லுவினம். அதுவும் இப்ப பாதி உண்மைதான். தூத்துக்குடியிலும் மாசி செய்யினம், இலங்கையின் தென்கரையிலும் செய்யினம். ஆக எந்த மொழியில கூப்பிட்டாலும் இதின்ர பேரை அப்படியே நம்பி நடந்தால் வழி மாறிப் போயிடும்.

வாத்து இல்லாத வாத்து

பேரால ஆளை ஏமாத்துற கருவாட்டில உலகப் புகழ் பெற்றது மாசி இல்லை, 'பம்பாய் டக்'. டக் எண்டால் வாத்து. பம்பாய்க்காரர் பொம்பில் எண்டு சொல்லுற மெல்லிசான, வழவழப்பான மீனின் கருவாடு அது. குசராத்து, மகாராட்டிரக் கரைகளில் மூங்கில் கொடி கட்டி, மீனை ஒண்டின் வாயில ஒண்டு கொளுவித் தொங்கவிட்டுக் காயவைப்பினம். வெள்ளைக்காரர் அதை விரும்பிச் சாப்பிட்டவை. ஆனால் ஏன் வாத்து?

இதுக்கும் ஒரு கதை உலாவுது. இந்தியில் டாக் எண்டால் தபால். இந்தக் கருவாட்டைப் பம்பாய்த் தபால் ரயிலில ஏத்தி நாடு முழுக்க அனுப்பினவையாம். பெட்டி முழுக்க நாறினதாம். அதால நாத்தம் அடிக்கிற எதையும் 'பம்பாய் டாக்' எண்டு சொல்லிச் சொல்லி, அது டக் ஆகிப்போச்சாம். சில பேர் இந்தப் பேரை வைச்சதே ரொபேர்ட் கிளைவ் எண்டும் சொல்லுவினம்.

கதை வடிவாத்தான் இருக்கு. இப்ப தேதியை வைச்சுப் பாப்பம். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பம்பாயில இருந்து தாணேக்கு ஓடினது 1853 ஏப்ரல் 16. கிளைவ் செத்தது 1774. ரயில் வாறதுக்கு 79 வருசத்துக்கு முந்தியே ஆள் இல்லை. இந்தப் பேரோ, 1829இல் அச்சான ஒரு ஆங்கிலப் புத்தகத்திலேயே இருக்கு. ரயிலுக்கு 24 வருசத்துக்கு முந்தி! பிறகெப்படி ரயில் நாத்தத்தால பேர் வாறது?

பொம்பில் எண்ட மராத்திச் சொல் வெள்ளைக்காரர் வாயில பம்மெலோ எண்டும் வேற மாதிரியும் திரிஞ்சது. பம்பாயில் வேலை பார்த்த ஆங்கில அதிகாரிகளையே கேலியா டக்ஸ் எண்டு கூப்பிட்ட காலமும் இருந்தது. அந்தப் பேச்சுகளுக்குள்ள பிறந்த பேர் இது. ஆனால் ரயில் கதை சாகவே இல்லை, இண்டைக்கும் ஓடிக்கொண்டிருக்கு. ஏனெண்டால் அது சொல்லச் சுகமான கதை. சுகமான கதை ஒண்டு கிடைச்சிட்டால் பிறகு ஆரும் அந்த மீனைக் காயவைச்ச கோளிப் பெண்களைப் பற்றிக் கேட்கிறதில்லை.

'மாசி மாசத்துக் கருவாடு' எண்ட விளக்கம் செய்யிறதும் இதைத்தான். ஒரு பதிலைத் தந்து கேள்வியை மூடிப்போடுது. அந்த மூடியைக் கழட்டினால் உள்ளுக்குள்ள என்ன இருக்கு எண்டு பாப்பம்.

நாணயம் எண்ணின நீதிபதியும் முத்து எண்ணின அரசனும்

1343 முடிவில் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா மாலைதீவுக்கு வந்து சேர்ந்தார். அங்க நீதிபதியா இருந்தார், கலியாணமும் கட்டினார், அரசியலிலயும் மாட்டுப்பட்டார். அவர் தன்ர பயண நூலில் தீவுக்காரர் சாப்பிடுற மீனைப் பற்றிச் சொல்லுறார். அதின்ர தசை சிவப்பு, கொழுப்பில்லை, ஆட்டிறைச்சி மாதிரி மணம். பிடிச்ச உடன நாலாக வெட்டி, கொஞ்சம் அவிச்சு, ஓலைக் கடகங்களில வைச்சுப் புகையில தொங்கவிடுவினமாம். நல்லாக் காய்ஞ்ச பிறகு தின்னுவினமாம். அங்க இருந்து இந்தியா, சீனா, யேமன் வரைக்கும் அது ஏற்றுமதி ஆகுதாம்.

படிச்சுப் பாருங்கோ. நாலு துண்டு, அவியல், புகை, காய்ச்சல். இண்டைக்கு எங்கட கடையில வாங்கிற பைக்கற்றுக்குள்ள இருக்கிறது ஏறக்குறைய 680 வருசத்துக்கு முந்தி அவர் எழுதி வைச்ச அதே செய்முறைதான். அந்த மீனுக்கு அவர் குறிச்ச பேரிலயும் கடைசியில மாஸ் இருக்கு.

அதோட கதை முடியேல்லை. 1344இல் மாலைதீவை விட்டு வெளிக்கிட்ட இபின் பதூதா இலங்கைக்கு வந்தார். அவர் இறங்கின இடத்தைப் புத்தளம் எண்டு ஆய்வாளர் சொல்லுவினம். அங்க அவர் சந்திச்சது ஆரை? யாழ்ப்பாண இராச்சியத்தின் ஆரியச் சக்கரவர்த்தியை. அரசன் பாரசீக மொழி விளங்கக்கூடிய ஆளாம். முன்னால் முத்துக்குளிப்பில எடுத்த முத்துகள் கிடந்ததாம். சிவனொளிபாத மலைக்குப் போக இபின் பதூதாவுக்கு ஆள் துணையும் குடுத்து அனுப்பினார்.

பள்ளிக்கூடத்தில ஆரியச் சக்கரவர்த்திகளைப் படிக்கேக்க நாங்கள் போரையும் பட்டத்தையும்தான் பாடமாக்கினம். ஆனால் பாரசீகம் தெரிஞ்ச தமிழ் அரசன், முத்து, மாலைதீவில இருந்து வாற கப்பல், மொரோக்கோக்காரன். இது எல்லாம் ஒரே கடலில, ஒரே வருசத்தில நடந்திருக்கு. மாசி அந்தக் கடலின் சாமான்.

இதுக்குப் பிறகு 1602இல் பிரெஞ்சு மாலுமி பிரான்சுவா பிரார் மாலைதீவில கப்பல் உடைஞ்சு அகப்பட்டு, 1607 வரைக்கும் அங்கேயே கிடந்தார். அவரும் இந்தக் கருவாட்டை விவரிச்சு எழுதியிருக்கிறார். 1886இல் ஆங்கிலேயர் தொகுத்த ஹொப்சன் ஜொப்சன் அகராதியில் 'கொபிலி மாஷ்' எண்டு ஒரு சொல்லாவே இது இருக்கு. கறுப்புச் சூரை எண்டு அர்த்தம் தாற திவெயிச் சொல்லின் திரிபு அது. அதில் வாற 'பிலி'யும் சிங்களத்தில் சூரையைச் சொல்லுற 'பலயா'வும் சொந்தம் எண்டு அந்த அகராதி காட்டுது. ஆக ஒவ்வொரு நூற்றாண்டிலயும் ஆரோ ஒருவர் இந்தக் கட்டையைக் கையில எடுத்துப் பார்த்து, தன்ர வாய்க்கு ஏத்த மாதிரிக் கூப்பிட்டிருக்கினம். நாங்கள் மாசி எண்டு கூப்பிட்டம்.

சம்பலுக்குள்ள ஒரு பொருளாதாரம்

இப்ப விசுவமடுவுக்கு வருவம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில, தருமபுரத்துக்கும் உடையார்கட்டுக்கும் இடையில இருக்கிற ஊர். பேரிலேயே மடு இருக்கு. கடல் இல்லை, வயலும் தோட்டமும்தான். இந்த ஊருக்கும் மாலைதீவுக் கருவாட்டுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் எண்டு நீங்கள் கேட்கலாம்.

1960களின் பிற்பகுதியில படிச்சும் வேலை கிடையாத இளைஞர்களுக்குக் காடு வெட்டிக் காணி குடுக்கிற திட்டங்கள் வந்தன. முத்தையன்கட்டு, விசுவமடு எல்லாம் அப்படித்தான் படித்த வாலிபர் திட்டக் காணிகளா ஆனது. எங்கட ஊரில பல குடும்பங்களின் வேர் அந்தத் திட்டத்திலதான் இருக்கு.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் வந்தது. அந்நியச் செலாவணி இல்லை. இறக்குமதியை இறுக்கினவை. செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளியில இருந்து வாறது நிண்டதால உள்ளூர் விலை ஏறினது. யாழ்ப்பாணத்திலயும் வன்னியிலயும் மிளகாய், வெங்காயம் செய்த தோட்டக்காரர் நிமிர்ந்தது அந்தக் காலத்திலதான். மிளகாய்க் காசில கல்வீடு கட்டின கதையை எங்கட ஊர்ப் பெரியாக்கள் இண்டைக்கும் சொல்லுவினம்.

அதே கட்டுப்பாடு மாசியின்ர தலையிலயும் விழுந்தது. அதுவரைக்கும் மாலைதீவில பிடிச்ச சூரையில் பெரும்பகுதி மாசியாகி, கொழும்புச் சந்தைக்குத்தான் வந்தது. ஒரு நாட்டின் உழைப்பு முழுக்க ஒரு துறைமுகத்தை நம்பி இருந்தது. 1970களின் தொடக்கத்தில் இலங்கை வாங்கிறதைக் குறைச்ச உடன அந்தச் சந்தை சரிஞ்சு போச்சு. மாலைதீவு வேற வழி தேடினது. யப்பானியக் கம்பனிகளின் கப்பல்கள் வந்து மீனைப் பச்சையா வாங்கி உறையவைச்சுக் கொண்டு போகத் தொடங்கின.

நாட்டுக்கு அது காலப்போக்கில் நல்லதா முடிஞ்சிருக்கலாம். ஆனால் தீவுகளில மீன் பிடிச்சது ஆம்பிளையள், அதை அவிச்சு, புகை போட்டு, காயவைச்சு மாசி ஆக்கினது பெண்கள். மீன் கடலிலேயே கைமாறத் தொடங்கின பிறகு, கரையில இருந்த அந்தப் பெண்களின் வேலையும் வருமானமும் குறைஞ்சு போச்சு.

இப்ப ஒரு இடிச்ச சம்பலை எடுத்துப் பாருங்கோ. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசி, உப்பு, தேசிக்காய்ப் புளி. கொழும்பில போட்ட ஒரு கையெழுத்தால மிளகாயும் வெங்காயமும் செய்தவன் உயர்ந்தான். அதே கையெழுத்தால மாசி செய்தவள் இறங்கினாள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த உடன தராசு மற்றப் பக்கம் சரிஞ்சது. வெளியில இருந்து சாமான் வரத் தொடங்கினது, எங்கட மிளகாய்க்கு விலை விழுந்தது. விசுவமடுத் தோட்டக்காரனும் மாலைதீவுத் தீவுக்காரியும் ஒருத்தரை ஒருத்தர் கண்டதே இல்லை. ஆனால் இரண்டு பேரின் சீவியமும் ஒரே உரலுக்குள்ள கிடந்து இடிபட்டிருக்கு.

தடை எண்டால் எங்கட தலைமுறைக்கு உடன நினைவு வாறது 1990களில் வன்னிக்குப் போட்ட பொருளாதாரத் தடை. அது போரின் ஆயுதம். 70களில நடந்தது வேற, அது நாடு முழுக்கவுமான பொருளாதாரக் கொள்கை. இரண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பக்கூடாது. ஆனால் 2020இல் மஞ்சள் இறக்குமதி நிண்டு, ஒரு சின்னப் பை மஞ்சளுக்கு ஆலாய்ப் பறந்ததை நாங்களே கண்டனாங்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு நல்லதோ கூடாதோ எண்டு விவாதிக்கேக்க, "ஆருக்கு நல்லது, ஆருக்குக் கூடாது" எண்டும் சேர்த்துக் கேட்க வேணும் எண்டதை மாசி சொல்லித் தருது.

பேருக்கு மூன்று கேள்வி

ஒரு கருவாட்டின் பேருக்கு இவ்வளவு மினக்கெட வேணுமோ எண்டு கேட்பியள். நாங்கள் இருக்கிற நாட்டில மினக்கெடத்தான் வேணும். இங்க பேர் எண்டது வெறும் பேர் இல்லை. 1980களில் மணலாறு வெலிஓயா ஆனது. வெலி எண்டாலும் மணல்தான், ஓயா எண்டாலும் ஆறுதான். பொருளை அப்படியே வைச்சுக்கொண்டு மொழியை மட்டும் மாத்தினதில், அந்த நிலம் ஆற்றை எண்ட கேள்விக்கே பதில் மாறிப்போச்சு. ஊர்ப்பேருக்குச் சொல்லுற ஒரு கதை காணி உறுதி மாதிரி வேலை செய்யிற நாடு இது. அப்படியிருக்கேக்க, காதுக்கு இனிமையா இருக்கு எண்டதுக்காக ஒரு பேர்க்கதையை நம்பிற பழக்கம் எங்களுக்கு ஆபத்து. மற்றவன் சொல்லுற கதைக்கு மட்டும் இல்லை, எங்கட ஆக்கள் எங்களுக்குச் சாதகமாச் சொல்லுற கதைக்கும் இது பொருந்தும்.

அதால எந்தப் பேருக்கும் மூன்று கேள்வி கேட்கலாம். ஒண்டு, தேதி பொருந்துதோ? பம்பாய் ரயில் கதை விழுந்தது இதில. இரண்டு, அதைச் செய்யிற ஆக்கள், அங்க வாழுற ஆக்கள் அதை எப்படிக் கூப்பிடுகினம்? மாசி மாசக் கதை விழுந்தது இதில. மூன்று, பக்கத்து மொழிகளில அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர் இருக்கினமோ? மச்சமும் மஸ்ஸும் சந்திச்சது இதில.

இந்த மூன்றாவது கேள்விதான் பலருக்கும் பிடிக்காது. ஏனெண்டால் அதுக்குப் பதில் அநேகமா "இது எங்கட மட்டும் இல்லை" எண்டுதான் வரும். மாசியை எங்கட மாதப் பேரில் கட்டி வைச்சால் அது முழுக்க எங்கட சாமான் ஆகிடும். கட்டை அவிழ்த்து விட்டால் அது திவெயிக்காரியின், சிங்களவரின், சோனகரின், மொரோக்கோ நீதிபதியின், எங்கட எல்லாருடைய சாமானும் ஆகிடும். எங்களுக்கு அதில ஒரு நட்டமும் இல்லை. சம்பலில உறைப்பு குறையப் போறதில்லை. கூடுறது எங்கட வரலாறுதான். போரும் இடப்பெயர்வும் மட்டும்தான் வன்னியின் வரலாறு எண்டு வெளியில இருந்து எழுதுற ஆக்களுக்கு, இங்க மிளகாய்ச் சந்தையும் கடல் வியாபாரமும் இருந்தது, நாங்கள் உலகத்தோட சேர்ந்துதான் சமைச்சனாங்கள் எண்டு காட்டவும் அது உதவும்.

தருமபுரத்தில இருந்து விசுவமடுவுக்கு வாற வழியில நெத்தலியாறு ஓடுது. கருவாட்டில பேர்போன கடல்மீனின் பேரில, கடலில்லாத ஊரில ஒரு ஆறு. அதுக்கு ஏன் அந்தப் பேர் எண்டு உங்கட வீட்டுப் பெரியாக்களைக் கேட்டு எழுதுங்கோ. அவை சொல்லுற கதை எவ்வளவு வடிவா இருந்தாலும், அந்த மூன்று கேள்வியையும் கேட்டுப்போட்டு எழுதுங்கோ.